நான் தைத்த வெள்ளைச் சட்டை

எங்கள் குடும்பத்தில் ஊசி பிடித்துப் பிழைத்தவர் யாரும் இல்லை. ஆறு தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள். அதனால்தான் மகள் சசிரேகா நான்கு வருடம் ஃபேஷன் டிசைன் படித்து, சென்னையில் ஆண்கள் சட்டைக்கு டிசைனராகச் சேர்ந்ததை நான் வெளியே சொன்னதில்லை. கேட்டவர்களிடம், கம்பெனியில் அதிகாரி என்று சொல்லிவந்தேன்.

தென்னேரியிலிருந்து பஞ்சாட்சரம் தன் மகனுக்குப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அவரிடமும் அதையே சொல்வதாக இருந்தேன். ஒரு வார லீவில் வந்திருந்த சசிரேகா ஒப்பவில்லை.

"வேலையை மறைச்சுக் கட்டிக் குடுத்தா, அங்க போனதும் அதை உட்ருன்னுவாங்க நைனா. நான் உட மாட்டேன்."

இரண்டு துணியைச் சேர்த்து நூலோட்டுவதில் மறைக்கவும் சொல்லவும் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அப்படியானால் ஒரு சட்டையை நீங்களே தைத்து, வருகிறவர்கள் முன்னால் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், நின்றுவிட்டால் உங்கள் இஷ்டப்படி சொல்லிக்கொள்ளலாம் என்றாள். வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மாற்றியதில்லை.

திங்கட்கிழமை உத்திரமேரூர் கடைத்தெருவில் வெள்ளைத் துணி எடுத்தேன். நன்றாகப் பொருந்தும் என் பழைய சட்டையைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கோடு பிசகாமல் வெட்டினேன். மனைவி செல்லம்மாள் தலையணை உறை தைக்கும் மிதி மிஷினில் இரண்டு நாள் உட்கார்ந்து மூட்டினேன். போட்டுப் பார்த்தால் தோளைத் தாண்டி இறங்கவில்லை.

செல்லம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒரு சாண் வரப்புக்கு ஒம்போது வருசம் கோர்ட்டுக்கு நடந்த ஆளு, சட்டைக்கு வரப்பு உடாம வெட்டிக்கினு கீது."

சுருக்கென்றது. ஆனால் அடுத்த கணமே புரிந்துவிட்டது. வயலை அளக்கும்போது வரப்புக்கு இடம் விடுவது போல, துணியில் தையலுக்கு இடம் விட வேண்டும். அதை நான் விடவில்லை.

புதன்கிழமை மறுபடி துணி எடுத்தேன். இம்முறை பழைய சட்டையை பிளேடால் தையல் தையலாகப் பிரித்தேன். அங்கேதான் எனக்குப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. முன் பாகமும் பின் பாகமும் ஒன்றல்ல. முதுகுப் பக்கம் அகலம் கூடுதல். கையை முன்னால் நீட்டினால் முதுகு இழுக்காமலிருக்க. சட்டைக் கையின் மேல்முனை நேராக இல்லை, ஏரிக்கரை போல மேடாக வளைந்திருந்தது. அந்த மேட்டை, கை பொருந்தும் கைக்குழியோடு வைத்து அளந்தேன். மேடு குழியைவிட ஒரு விரல் நீளம். நீளமானதை ஒரு சுருக்கம்கூட விழாமல் குட்டையானதற்குள் அடக்கியிருந்தார்கள். ஐம்பது வருடமாகச் சட்டை போடுகிறேன். இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறி உத்திரமேரூர் போய் டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ மாஸ்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்றினார். கை மட்டும்தான் மேலே போனது. இடுப்பில் செருகிய சட்டை அசையவில்லை. அவர் கை தூக்குவார் என்று யாரோ முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். மூன்று டீ குடித்தேன், அதையே பார்த்துக்கொண்டு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவர்களின் அக்குளையெல்லாம் பார்த்தேன். ஒருவர் என்னை முறைத்தார்.

திரும்பி வந்து, பிரித்த துண்டுகளை அளவாக வைத்துப் புதுத் துணியை வெட்டி, மூன்று முறை கையை மூட்டினேன். மூன்று முறையும் சுருக்கம். சனிக்கிழமை மதியம் பொறுமை போய்விட்டது. மடை சிறிதாக இருந்தால் வெட்டிப் பெரிதாக்குவோம். அப்படியே கைக்குழியைக் கீழ்ப்பக்கம் இரண்டு விரல் ஆழம் வெட்டினேன். குழி பெரிதானால் கைக்குத் தாராளம்தானே. கை சுருக்கமின்றிப் பொருந்தியது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கம்பீரமாகத்தான் இருந்தது.

சசிரேகா சுற்றிவந்து பார்த்தாள். "நிமிந்து நிக்கிற வரைக்கும் நல்லாக் கீது நைனா" என்றாள்.

நான் எப்போதும் நிமிர்ந்து நிற்பவன்தான்.

ஞாயிறு காலை பஞ்சாட்சரம், மகன் தினகரனோடு வந்தார். முதல் முறை வரும் பெரியவருக்குத் துண்டு போர்த்துவது எங்கள் வீட்டு வழக்கம். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். துண்டோடு இரண்டு கையையும் தூக்கினேன். கையோடு சட்டை முழுவதும் மேலே வந்தது. பிறகு இரண்டு அக்குளிலும் ஒரே நேரத்தில் டர்ரென்று கிழிந்தது.

உள்ளேயிருந்து செல்லம்மாள் இன்னொரு சட்டையைக் காட்டிச் சைகை செய்தாள். வாக்குப்படி சட்டை தைத்துவிட்டேன், போட்டு நின்றும்விட்டேன். அதிகாரி என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் என் எதிரே பஞ்சாட்சரத்தின் சட்டை. கைக்குழி அக்குளை ஒட்டியே நின்றது. குழியை நான் ஆழமாக வெட்டியதால்தான், தூக்கிய கை சட்டையையே மேலே இழுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு எப்படி மறைப்பது?

துண்டை அவர் தோளில் சரியாகப் போர்த்திவிட்டுச் சொன்னேன்.

"இது நானே தைச்ச சட்டை. ஆறு நாள் ஆச்சு, கை தூக்குனா கியியுது. நீங்க போட்டுக்கினு கீறது கியியாது. அப்படிக் கியியாத சட்டையை யோசிச்சு வரையறதுதான் என் பொண்ணு வேலை. ஃபேஷன் டிசைனர். கல்யாணத்துக்கு அப்புறமும் அதைத்தான் செய்வா. சம்மதம்னா உக்காருங்க."

பஞ்சாட்சரம் சிறிது நேரம் என் அக்குளையே பார்த்தார். பிறகு மெல்லத் தன் வலக்கையைத் தூக்கினார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். இடக்கையையும் தூக்கினார்.

"ஆமாய்யா, அசையவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார், கையை இறக்கவில்லை. தினகரனும் கையைத் தூக்கித் தன் சட்டையைச் சோதித்தான். முதுகுப் பக்கத்து அகலத்தைக் காட்ட நானும் கிழிசலோடு கையைத் தூக்கினேன்.

காபித் தட்டோடு வந்த சசிரேகா எங்கள் மூவரையும் பார்த்து நின்றாள்.

"கையை எறக்கினீங்கன்னா ஆளுக்கொரு காபி எடுத்துக்கலாம்" என்றாள்.