பன்னிரண்டு நாள் படிப்பும் ஒரு ஜாடி இஞ்சியும்

வாருங்கள் கண்ணுகளா, நெருங்கி உட்காருங்கள். படித்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம், அவர் படித்தது மொத்தம் பன்னிரண்டு நாள்தான்.

அக்கா ஒருத்தி, தங்கை ஒருத்தி. தங்கையின் கணவரைத்தான் சொல்கிறேன். எங்கோ ஒரு முகாமில் பன்னிரண்டு நாள் தங்கி, இயற்கையோடு இசைந்த தோட்டக்கலை கற்று, சட்டம் போட்ட சான்றிதழோடு வந்து இறங்கினார். இருந்த அலுவலக வேலையை விட்டார். அக்காவுக்கு ஊர் ஓரத்தில் அரை ஏக்கர் நிலமும் இரண்டு அறை வீடும் ஒரு கொட்டகையும் இருந்தன. ஒரு பெட்டியும், ஒரு மடக்கு நாற்காலியும், மனைவியுமாக அங்கே வந்து சேர்ந்தார். பெட்டியைத் தங்கை தூக்கி வந்தாள். நாற்காலியை மட்டும் அவரே தூக்கினார்.

நாற்காலி எதற்கென்று மறுநாள் தெரிந்தது. "முதல் ஒரு வருஷம் நிலத்தைத் தொடக் கூடாது அண்ணி. கவனிக்கணும். வெயில் எங்க விழுது, காத்து எங்கேருந்து வருது, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு."

"வெயில் மேலேருந்துதான் விழுது" என்றாள் அக்கா, களை பிடுங்கிக்கொண்டே.

அவர் கவனித்தார். தொப்பி போட்டுக்கொண்டு கவனித்தார். அவரைக்காய்ப் பந்தலுக்கு அக்கா தண்ணீர் சுமந்ததைக் கவனித்தார். எருக்குழியை அவள் ஒற்றை ஆளாகப் புரட்டியதைக் கவனித்தார். வாய்க்குள் ஈ போனதை மட்டும் கவனிக்கவில்லை.

அவள் வைத்த பெயர்தான் பிறகு அந்தத் தெரு முழுக்கப் பரவியது: பன்னிரண்டு நாள் மாப்பிள்ளை.

வேலை எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். இரண்டு வேலை செய்தார். கல்லை அடுக்கி நத்தை ஓடு மாதிரி ஒரு சுழல் மேடை கட்டி, அதன் உச்சியில் புதினா வைத்தார். புதினாவை உச்சியில் வைக்கிறவரை என்னவென்று சொல்வது? இரண்டே மாதத்தில் அது சுற்றுச் சுற்றாக இறங்கி, வைத்த மற்ற செடி அத்தனையையும் விழுங்கிவிட்டுப் பாதைக்கு வந்து நின்றது. "வெற்றி" என்றார். அடுத்து, தோட்டத்தை வட்டம் வட்டமாகப் பிரித்துப் பலகை நட்டார். அடுக்களை வாசல் வட்டம் ஒன்று, காய்கறிப் பாத்தி வட்டம் இரண்டு, இப்படியே போய்க் கழிப்பறைக்கு வட்டம் நான்கு. பலகையில் எழுதியது தங்கை. பலகையை அடித்து நட்டதும் தங்கை. எங்கே நட வேண்டும் என்று விரல் நீட்டியது அவர்.

"கொஞ்சம் டைம் குடுக்கா. அவருக்குள்ள நெறைய இருக்கு" என்பாள் தங்கை.

"உள்ள இருக்கட்டும்டி. வெளிய எப்ப வரும்?"

இனி அக்காவைச் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் அவளுக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு வரும். அள்ளி உலர்த்தியில் போட வேண்டும். ஈர விரிப்பு எத்தனை கனம் என்று தூக்கியவளுக்குத்தான் தெரியும். பதினோரு வருடம் தூக்கியதில் வலது தோள் போய்விட்டது. தலை வாரக் கை மேலே எழும்பாது; தங்கைதான் வாரிவிடுவாள்.

அவள் நம்பியிருந்தது ஒரு ஜாடியை. கண்ணாடி ஜாடி, வாயில் மெல்லிய துணி, அதற்கு மேல் ஒரு ரப்பர் வளையம். உள்ளே இஞ்சி உறை; தயிருக்கு உறை மாதிரி, பானத்தைப் பொங்க வைப்பது. ஒன்பது வருடமாக அதற்குத் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு ஸ்பூன் தோலோடு துருவிய இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. அது நுரைத்துப் பொங்கும்போது ஒரு கோப்பை எடுத்து, இஞ்சியும் சர்க்கரையும் கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் எலுமிச்சைச் சாற்றோடு கலந்து பாட்டிலில் அடைத்தால், மூக்கில் ஏறுகிற பானம் வரும். எப்போது தயாராகும் என்று பார்க்க ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் ஊற்றி வைப்பாள். அதைப் பிடித்து அமுக்கிப் பார்ப்பாள். கல் மாதிரி இறுகிவிட்டால், கண்ணாடி பாட்டில்கள் எல்லாம் குளிர்பெட்டிக்குப் போகும். அவ்வளவுதான் அவள் விஞ்ஞானம்.

கடைத்தெருவில் பெரிய கடை வைத்திருந்த அம்மாள் இதைக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ருசி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். பிடித்தால் வாராவாரம் எடுப்பாள். எடுத்தால் அக்கா சலவைக்கூடத்தை விட்டுவிடலாம். மிச்சமிருக்கும் தோளாவது மிஞ்சும்.

இரண்டு நாளாகக் காலை இருட்டில் அவசரமாக ஸ்பூனைத் தட்டிவிட்டு ஓடிய அக்கா, புதன்கிழமை சாயங்காலம் பானம் கலக்கத் துணியை அவிழ்த்தாள். ஜாடிக்கு மேலே வெள்ளை ஆடை படிந்திருந்தது. முகர்ந்தாள். யாரோ ஈரக் காலுறையைக் கழற்றி உள்ளே போட்ட மாதிரி நாற்றம்.

"மாப்பிள்ளை. இதத் தொட்டீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. கேட்பார்களா கேட்பார்களா என்று காத்திருந்தவர் மாதிரி. "திங்கக்கிழமை. சொல்லணும்னே இருந்தேன். ஒரே வகை உயிர் மட்டும் வாழுற இடம் எப்பவுமே பலவீனம் அண்ணி. வயலானாலும் சரி, ஜாடியானாலும் சரி. பல உயிர் கலந்தாதான் பலம். முகாம்ல மூணாவது நாள் பாடம்."

"என்ன போட்டீங்க?"

"தயிர் தெளிஞ்ச தண்ணி. கொஞ்சம் வினிகர். ரொட்டிக்கடையில கேட்டு வாங்கின புளிச்ச மாவு. அப்புறம்..."

"அப்புறம்?"

"ஒரு ஸ்பூன் மண்ணு. நம்ம மண்ணுதான். எருக்குழி ஓரத்துல எடுத்தது."

அக்கா கத்தவில்லை. ஜாடியை அவர் கையில் கொடுத்தாள். "வச்சுக்கோங்க. ஒங்க பயிரு."

புதிதாக உறை கட்ட அவளுக்குத் தெரியாதா என்ன? இஞ்சித் தோலிலேயே இருக்கிறது எல்லாம். ஆனால் அது நுரைத்து வர ஆறேழு நாள் பிடிக்கும். பிறகு பாட்டிலில் இரண்டு மூன்று நாள். அன்று புதன். கடைக்கார அம்மாளுக்கு ஆள் விட்டுத் தள்ளி வைக்கக் கேட்டாள். "அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்றவங்க சரக்கு என் கடையில ஏறுனதில்ல" என்று பதில் வந்தது.

வியாழன் காலை விரிப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே இஸ்திரிக்காரியிடம் சொன்னாள். இஸ்திரிக்காரி அவளுடைய பழைய சிநேகிதி. நல்ல வார்த்தை சொல்லியே பழக்கமில்லாதவள்.

"மண்ணையா போட்டான்? மனுசன் குடிக்கிறதுலயா? வாயில போட்டுக்க வேண்டியதுதான அத."

"போச்சுடி எல்லாம்."

"என்ன போச்சு? நீ போன மாசம் ஒரு பாட்டில் குடுத்தியே, ஒரு வாய் குடிச்சேன், மூக்குல ஏறி உயிரே போச்சு. அந்தச் சனியன மூடி அங்கதான் தள்ளி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ. நானும் தொலையட்டும்னு பாக்குறேன்."

உலர்த்திகளுக்குப் பின்னால், சுவரோரத்துத் தட்டில் இருந்தது பாட்டில். பாதி காலி. அடியில் விரல் கனத்துக்கு வெளுத்த மண்டி. அக்கா மூடியைத் திருகினாள். உஸ் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, எலியா?"

"உசுரோட இருக்குடி."

தேநீர் டப்பாவிலிருந்து சர்க்கரை, இஸ்திரிக்காரி தன் தேநீருக்கு வைத்திருந்த இஞ்சியில் ஒரு துண்டு. நசுக்கிப் போட்டு, அதே தட்டில் வைத்தாள். உலர்த்திகளின் பின்பக்கச் சூடு இருக்கிறதே, அது நின்றால் வேர்க்கும், உட்கார்ந்தால் மயக்கம் வரும். பதினோரு வருடமாக அவள் திட்டித் தீர்த்த சூடு. சாயங்காலத்துக்குள் பாட்டில் நுரைத்துவிட்டது.

அன்று மாலையே வீட்டில் கலந்து ஆறு பாட்டில் அடைத்தாள், ஒன்று பிளாஸ்டிக். வெள்ளிக்கிழமை காலை அத்தனையையும் பையில் சுமந்துகொண்டு சலவைக்கூடத்துக்கே போய், சீக்கிரம் பொங்க அந்தச் சூட்டுத் தட்டில் வைத்தாள். மேற்பார்வையாளர் வருகிறபோதெல்லாம் இஸ்திரிக்காரி தட்டுக்கு முன்னால் ஒரு விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வந்து நீ இந்த எடத்த விட்டுட்டியானா" என்றாள் இஸ்திரிக்காரி, "உன் எடத்துக்கு ஒரு ஆளக் காட்டிட்டுப் போ. இல்லன்னா அந்த ஆளு விடமாட்டான். ரெட்டிப்பு விரிப்பு என் தலையில விழும்."

சாயங்காலம் பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கிப் பார்த்தார்கள். கல்.

ஞாயிறு மதியம் கடைக்கார அம்மாள் வந்தாள். பருத்த உடம்பு, தாழ்ந்த குரல். உலகத்தில் பாதிப் பேர் பொய்யர்கள், மீதிப் பேர் சோம்பேறிகள் என்று முடிவு கட்டியவள் மாதிரி ஒரு பார்வை. மாப்பிள்ளை வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். வட்டம் ஒன்றில் ஆரம்பித்து வட்டம் நான்கு வரை கூட்டிப் போனார்.

"சார், இது கக்கூஸ்."

"வட்டம் நாலு. இயற்கையில எதுவுமே கழிவு இல்லம்மா."

"நான் குடிக்க வந்தேன் சார். கேக்க வரல."

கொட்டகையில் அக்கா கோப்பையை எடுப்பதற்குள் அவர் தன் ஜாடியிலிருந்து அடைத்த பாட்டிலை முன்னால் நீட்டிவிட்டார். அக்கா தடுக்கவில்லை. தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைக்கார அம்மாள் ஒரு மடக்கு வாயில் வைத்தாள். திரும்பினாள். புதினாவின் மேல் துப்பினாள்.

"இதுல என்ன இருக்கு சார்?"

"கோடிக்கணக்கான உயிர். பல வகை."

"எல்லாம் காலக் கழுவாம வந்திருக்கு."

அதற்குப் பிறகு அக்கா ஊற்றினாள். கோப்பையின் ஓரம் வரை நுரை ஏறிச் சீறியது. கடைக்கார அம்மாள் முதலில் சந்தேகமாக நாக்கு நுனியில் தொட்டாள். பிறகு ஒரு மடக்கு. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோப்பையைக் கீழே வைக்காமல் காலி செய்துவிட்டுத் திரும்ப நீட்டினாள்.

"வாரத்துக்கு அறுபது பாட்டில் முடியுமா?"

"முடியும்."

"இவரு கை படாம முடியுமா?"

"அதுக்குத்தான் ஒரு வழி யோசிக்கணும்" என்றாள் அக்கா.

வண்டி போன பிறகு மாப்பிள்ளை நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். "அந்தம்மாவுக்கு நாக்கு இன்னும் பழகல" என்றார். "அதெல்லாம் போகப் போக வரும்."

அக்கா அவரைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தாள். "நாளைக்கு மேற்பார்வையாளர்கிட்ட சொல்லணும். எடத்துக்கு ஆள் கேப்பான்."

தங்கை இத்தனை மாதம் பலகை எழுதியவள், அவருக்குள் நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள், எழுந்து உள்ளே போனாள். அக்காவின் ரப்பர் கையுறையையும் மேலங்கியையும் எடுத்து வந்து கணவர் மடியில் வைத்தாள்.

"ஆள் இருக்குக்கா."

"நானா? எனக்கு இங்க நிலத்தக் கவனிக்கிற..."

"கவனிச்சது போதுங்க. நாளைக்கு வருஷம் முடியுது. நாள் எண்ணிட்டுதான் இருந்தேன்."

"அந்த வேல எனக்குத் தெரியாதும்மா."

"கத்துக்க ரெண்டு நாள் போதும்" என்றாள் அக்கா. "ஒங்களுக்குன்னு சொல்லி பன்னெண்டு நாள் கேட்டு வாங்கித் தரேன்."

போனாரா என்று கேட்கிறீர்கள். போனார் கண்ணுகளா, வேறு வழி? மறுநாள் காலை கையுறையை மாட்டிக்கொண்டு உலர்த்திக்கு முன்னால் நின்று, காற்று எங்கிருந்து வருகிறது, சூடு எந்தப் பக்கம் போகிறது என்று பின்னால் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஈர விரிப்பு ஒன்று பறந்து வந்து தோளில் விழுந்தது. வலது தோளில்.

"என்ன பாத்துட்டே நிக்கிறீங்க மாப்பிள்ளை?" என்றாள் இஸ்திரிக்காரி. "அந்த முனையப் பிடிங்க."