பதினாறு டம்ளர் பேரம்

வயிற்றுப்போக்குக்கு மாதுளந்தோல் பொடி விற்றே மாடி வீடு கட்டிய எங்கள் தெருப் பொடிக்கடைக்காரர், அன்று காலையிலிருந்து பன்னிரண்டு முறை கழிப்பறைக்கு நடையாய் நடந்திருந்தார். சொந்தப் பொடியை ஆறு கரண்டி விழுங்கியும் பதின்மூன்றாவது அழைப்பு வந்துவிட்டது.

மனைவி பயந்துபோய், நர்ஸாக இருக்கும் தங்கையை வரவழைத்தாள். வந்தவள் அத்தானின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தாள். மடிப்பு மெதுவாகத்தான் படிந்தது.

"உடம்புல தண்ணி வத்திப்போச்சு அத்தான். உப்பு சர்க்கரைத் தண்ணி குடிங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரி, ட்ரிப்ஸ்தான்."

"ஆஸ்பத்திரியா! நான் அங்க படுத்தா என் பொடிய எவன் வாங்குவான்? உப்புத்தண்ணிய நம்ம அடுப்படியிலயே கலக்கலாம். அது ஒரு மருந்தா?"

"உங்க பொடி ஆய்வுக்கூடத்துல கிருமிய அடக்குதுன்னு சொல்றாங்க. மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தது ரொம்பக் கொஞ்சம். போன தண்ணிய அது திருப்பித் தராது."

"அந்த உப்புத்தண்ணிக்கு என் வாயே திறக்காது."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள பதினாறு டம்ளர்" என்றாள் தங்கை.

துவண்டு கிடந்தவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைக் குறைக்காமல் விட்டவரில்லை.

"பதினாறா? நான் மனுஷனா, மாடா? நாலு."

"நாலு டம்ளர் நாக்கு நனையவே காணாது. பதினாலு."

"அஞ்சு. அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது."

"கட்டுப்படியாகாது அத்தான். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"இந்தாம்மா, நில்லு! என்ன இவ்வளவு கறாரா இருக்க? ஏழு."

"எட்டு. அக்கா முகத்துக்காக."

"முடிஞ்சுது!"

பேசி முடித்த பேரத்தில் பின்வாங்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. முகத்தைச் சுளித்து, மடக்கு மடக்காக எட்டையும் குடித்தார். மாலையில் கண்ணில் ஒளி வந்தது; சிறுநீரும் வந்தது. பாதிக்குப் பாதி குறைத்துவிட்ட பெருமிதத்தில் மீசையைத் தடவினார்.

"ஆமா, நிஜமா எத்தனை டம்ளர் தேவைப்பட்டுச்சு?"

"எட்டு."

வயிற்று வலியில்கூட அவர் அப்படி முனகியதில்லை.

மறுவாரம் பொடிப் பொட்டலத்தில் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது: 'ஒரு சிட்டிகை பொடி. கூடவே உப்பு சர்க்கரைத் தண்ணீர், பதினாறு டம்ளர்.'

"எட்டுதானே அத்தான்?"

"வாங்குறவன் குறைக்காமலா விடுவான்?"