சிக்கரி என்ற போர்க்கப்பல்

எங்கள் கொள்ளுத்தாத்தா ரங்கையா இரண்டாம் உலகப் போரின்போது ஒரு பிரிட்டிஷ் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். என் மாமா சிட்டிபாபு சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர், தேர்தலில் நிற்க முடிவு செய்ததும் கொள்ளுத்தாத்தா பீரங்கி வீரராகிவிட்டார்.

புத்தூர் சாலையில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில், மாமா அவர் நினைவாக சிமெண்டில் ஒரு கப்பல் கட்டினார். பக்கத்தில் பாப்பாத்தி அக்காவின் இட்லிக் கடை. திறப்பு விழா முடிந்ததும் கடையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வீரர் முன்னால் எண்ணெய்ச் சட்டி இருக்கக் கூடாதாம். அக்காவின் வியாபாரமே அங்கே நிற்கும் பஸ்களை நம்பித்தான்.

விழாவில் கப்பலின் வரலாற்றை வாசிக்கும் வேலை எனக்கு. நான் பி.எஸ்ஸி. இயற்பியல். அதனால் கப்பலைப் பற்றித் தெரியும் என்று மாமா நினைத்தார். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. அதை அவர் கேட்கவில்லை.

தாத்தா கப்பலிலிருந்து கொண்டுவந்த பெரிய கரண்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் காம்பில் கப்பலின் பெயர் குத்தியிருக்கும். அந்தப் பெயரை வைத்து இணையத்தில் தேடினேன். சின்னக் காவல் கப்பல்களுக்கு பிரிட்டிஷ்காரர்கள் செடிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

“சிக்கரியா? காபித்தூள்ல கலக்கறாங்களே, அதுவா?” என்றார் மாமா.

“அதே செடிதான் மாமா.”

“போர்க்கப்பலுக்கு எவனாச்சும் அந்தப் பேரு வைப்பானா? டைகர்னு போடு. எத்தினி கப்பலை மூழ்கடிச்சுது?”

“ஒண்ணும் இல்ல. கொழும்புல இருந்து எண்ணெய்க் கப்பலுங்களுக்குத் துணையா போய்க்கினு இருந்துது. ஒருவாட்டி நீர்மூழ்கின்னு நெனச்சு திமிங்கலத்து மேல குண்டு போட்டுது. ஒருவாட்டி துறைமுகச் சுவரையே இடிச்சுது.”

“அப்புறம்?”

“மூழ்கிப்போன சரக்குக் கப்பல் ஆளுங்களைக் கடல்ல இருந்து தூக்கிக்கினு வந்துது. அவங்களுக்குத் தாத்தாதான் கஞ்சி காய்ச்சி ஊத்தினாராம். அம்மா சொல்லிச்சு.”

“கஞ்சி கிஞ்சின்னு மைக்ல சொன்னே, தெரியும் சேதி. நானே எழுதித் தரேன், அதைப் படி.”

திருப்பதியில் அடித்த ஃபிளெக்ஸ் வந்தது. கொள்ளுத்தாத்தாவுக்கு இருந்த ஒரே படம் திருமலையில் மொட்டை போட்டபின் எடுத்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் அந்த மொட்டைமேல் கேப்டன் தொப்பி ஒட்டியிருந்தார். தொப்பிக்குக் கீழே, காதோரம், சந்தனம் தெரிந்தது. பின்னால் விமானங்கள் நிற்கும் பிரம்மாண்டமான கப்பல், அதில் அமெரிக்கக் கொடி. யாரும் சிரிக்கவில்லை. சிலர் கும்பிட்டார்கள்.

விழாவில் மாமா எழுதிய தாளைப் பிரித்தேன். டைகர் கப்பல் தனியாகப் போய் பர்மாவை மீட்டது என்று தொடங்கியது. பாப்பாத்தி அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் தாளை மடித்தேன். சிக்கரி, திமிங்கலம், சுவர், கஞ்சி, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. விழாவுக்கு வந்திருந்த கட்சித் தலைவர் போனில் இருந்தார். ஜனங்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா பட்டாசு கொளுத்தப் போயிருந்தார். திரும்பி வந்து பலமாகக் கை தட்டினார்.

மறுநாள் காலை மாமாவோடு போனேன். கடை போகவில்லை. கப்பலின் நிழலுக்கே நகர்ந்து வந்திருந்தது.

“இன்னா பாப்பாத்தி, எடுக்கச் சொன்னேனே?”

“எடுத்துடறேண்ணா. இட்லி துன்ன வர்றவங்க கேக்கறாங்க, இவரு யாரு, இன்னா பண்ணாருன்னு. பாப்பா மைக்ல சொன்னதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன்.”

“இன்னா சொல்லிச்சு?”

“கஞ்சி காய்ச்சினாருன்னு. கப்பல் திமிங்கலத்தைச் சுட்டுச்சுன்னு.”

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இங்கியே இருந்தா சத்தியவேடு பஸ்ஸுல போற வெளியூர்க்காரனுக்குத்தான் சொல்லுவேன்,” என்றாள் அக்கா. “கடையை எடுத்துக்கினு ஊருக்குள்ள வந்தா, நம்ம ஓட்டுக்காரங்களுக்கும் சொல்லணும். நீயே சொல்லுண்ணா.”

மாமா ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு தோசை போடு.”

சிமெண்டு பீரங்கியின் குழாயில் இட்லித் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதையாவது எடுக்கச் சொன்னார். அக்கா எடுக்கவில்லை.