நால்வருக்கு ஒரே கடவுச்சொல்

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.12 மணிக்கு, இருநூறு படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், இரண்டாம் எண் கணினியில், பெண்கள் பிரிவு ஒன்பதாம் படுக்கை நோயாளியின் பொட்டாசியம் அளவு 3.8 என்று பதிவானது. பரிசோதனைக் கருவி அச்சிட்ட சீட்டில் 6.8 என்று இருந்தது. பதிந்தவர் என்ற கட்டத்தில் தலைமைப் பரிசோதகரின் பெயர் இருந்தது.

ஒன்பதாம் படுக்கையில் இருந்தவர் ஒரு தையல்காரப் பெண். வயது நாற்பத்து நான்கு, சிறுநீரகக் கோளாறு. 3.8 என்றால் கவலையில்லை. 6.8 என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம்; உடனே ஊசி போட வேண்டும். மருத்துவர் திரையில் எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். மாலை நான்கு மணிக்கு அந்தப் பெண் இறந்தார்.

பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவர்கள் நான்கு பேர். தலைமைப் பரிசோதகரை மற்ற மூவரும் அக்கா என்றே அழைப்பார்கள். நால்வருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் உண்டு. ஆனால் ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி தானே பூட்டிக்கொள்ளும். திரும்பவும் உள்ளே போக மூன்று நிமிடம் பிடிக்கும். வாசலில் ஐம்பது பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கும்போது மூன்று நிமிடம் என்பது சின்ன நேரமில்லை. ஆகவே அக்கா காலை எட்டு மணிக்குத் தன் பெயரில் திறந்துவிடுவார். நாள் முழுக்க எல்லோரும் அதிலேயே வேலை செய்வார்கள். எப்போதாவது பூட்டிக்கொண்டாலும் அக்காவின் கடவுச்சொல் மூவருக்கும் மனப்பாடம்.

பூட்டாமல் இருக்க வழி கண்டுபிடித்தவர், ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் பெற்ற பரிசோதகர். இரத்தம் உறையாதபடி குழாய்களை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி ஒன்று கணினிக்குப் பக்கத்தில் உண்டு. அதன் தட்டில் ஒரு பழைய மவுஸைப் போட்டுவைத்தார். தட்டு ஆட ஆட மவுஸ் அரை அங்குலம் அப்படியும் இப்படியும் நகரும். யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கணினி நம்பிக்கொள்ளும்.

“தூங்க விடாம இருக்கறதுக்காகத் தொட்டில் ஆட்டறது உலகத்துலயே நாம மட்டும்தான்” என்பார் ரேடியோ.

கணினிப் பிரிவு இளைஞர் மூன்று முறை வந்து எச்சரித்தார். அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் முறை அவர் மவுஸைப் பிடுங்கி எடுத்தபோது அக்கா சிரித்துக்கொண்டே, “தம்பி, உங்க பூட்டெல்லாம் உங்க ரூமோட இருக்கட்டும். இங்க எல்லாரும் ஒரு வீட்டு ஆளுங்க” என்றார். அவர் போனதும் மவுஸ் பழைய இடத்துக்கே போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பரிசோதனைக் கருவிக்கும் கணினிக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருந்தது. வழக்கமாகத் தானே போய்ச் சேரும் எண்களைச் சீட்டைப் பார்த்துக் கையால் அடிக்க வேண்டியிருந்தது. மதியத்துக்குள் நூற்றுப் பதினெட்டு முடிவுகள். கை ஒழிந்தவர் உட்கார்ந்து அடித்தார், எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறையில் விசாரணை. இறந்தவரின் தம்பியும் வந்திருந்தார். அக்கா ஒரு கடிதம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். 11.12க்கு அவர் குழந்தைகள் பிரிவில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று அங்கிருந்த செவிலியர் எழுதிக் கொடுத்தது. இருபத்திரண்டு ஆண்டு வேலையும் உரிமமும் அந்தத் தாளில்தான் இருந்தன. கண்காணிப்பாளர் படித்துவிட்டு, அப்படியானால் யார் என்று மற்ற மூவரையும் பார்த்தார்.

மூவரையும் தனித்தனியே கேட்டார்கள். யாரும் மறைக்கவில்லை. ஆளுக்கு ஏறக்குறைய நாற்பது சீட்டு அடித்திருக்கிறார்கள். எது எவருடையது என்று யாருக்கும் நினைவில்லை. ரேடியோவின் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. “நானா இருக்கலாம் சார். இல்லாமலும் இருக்கலாம். சத்தியமா தெரியல.”

கணினியில் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கண்காணிப்பாளர் கணினிப் பிரிவின் பூட்டிடம் கேட்டார். எந்த விசை எப்போது அழுத்தப்பட்டாலும் வலையமைப்பின் மறுமுனையில் உள்ள சர்வரில் அது அழியாமல் பதிவாகும் என்றுதான் கண்காணிப்பாளர் நினைத்திருந்தார்.

“நேரம் இருக்கு சார், எந்த மெஷின்னு இருக்கு. ஆனா அதுக்கு ஆளைத் தெரியாது, பேரைத்தான் தெரியும். நாலு பேரும் ஒரே பேர்ல போனா, அதுக்கு அங்க இருக்கறது ஒரே ஆளுதான்.”

இறந்தவரின் தம்பி நிமிர்ந்தார். “யாரையும் அடிக்க வரல சார். யாரோ பொய் சொல்றாங்கன்னா கோபப்படலாம். தெரியாம செஞ்சிட்டேன்னு ஒருத்தர் சொன்னா, மன்னிக்கலாமான்னாவது யோசிக்கலாம். உங்களுக்கே தெரியலன்னா நான் யார் மூஞ்சியைப் பார்க்கறது?”

அக்கா கை நீட்டி, மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்து மடித்தார். அந்த நேரத்தில் அவர் குழந்தைகள் வார்டில் இருந்தது உண்மைதான் என்று கண்காணிப்பாளர் நினைவூட்டினார்.

“இருந்தேன் சார். ஆனா என் பேரை இங்க விட்டுட்டுப் போனேன்” என்றார் அக்கா. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். “பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தது, கூட வேலை செய்யறவங்களுக்குச் செய்யற உதவின்னு நினைச்சேன்ப்பா. அது உதவி இல்ல. வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கற மாதிரி. தப்பு நடந்தா பிடிக்கறதுக்காக வெச்ச ஏற்பாட்டை, அவசரம்னு சொல்லி நான்தான் குருடாக்கினேன். என் மூஞ்சியைப் பாருங்க.”

தம்பி பார்த்தார். எழுந்து போனார்.

அறிக்கை ஏப்ரல் ஒன்பதாம் தேதி வந்தது. தலைமைப் பரிசோதகரின் உரிமம் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 3.8 என்று அடித்தவர் யார் என்பது கண்டறியப்படவில்லை. மற்ற மூவர்மீது நடவடிக்கை இல்லை.