காப்புக் கட்டிய கை

தவசியைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுதான்: "சாமிக்குப் பயப்படாதவன் எந்தப் பாவத்துக்கும் அஞ்சமாட்டான்." கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர். ஆனால் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முதலில் போய்ப் பந்தக்கால் ஊன்றுவது அவர்தான். அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டி பழுத்த பக்திமான். மாரியம்மன் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருந்தான். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அவனுடைய லோடு வண்டி வேப்பமரத்தடியில் சும்மா நின்றது. ஓட்டத் தெரிந்த மற்ற பையன்கள் எல்லாம் திருப்பூரில் கிடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, கருவேல விறகு வெட்டப் போன இடத்தில் தவசியின் மனைவி முருகலட்சுமியை விரியன் கடித்துவிட்டது. தவசி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"மாப்ள, வண்டிய எடுப்பா. ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

தங்கப்பாண்டியின் கை சாவிக்குப் போனது. கயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"ஆம்புலன்ஸுக்குப் போனப் போடுங்க மாமா. நான் பூசாரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

பூசாரி குளித்துக்கொண்டிருந்தார். இவன் காத்து நின்றான். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, காப்பைப் பாதியில் அறுத்தால் ஊருக்கே ஆகாது என்றார். இவன் திரும்பி வந்தபோது முருகலட்சுமியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

காப்புக் கட்டியவன் இழவு வீட்டுக்கும் போகக்கூடாது. தங்கப்பாண்டிக்கு அது வசதியாகத்தான் இருந்தது. தவசியின் முகத்தைப் பார்க்க வேண்டாமே! 'அவ விதி அம்புட்டுத்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்லச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் அவன் மகள் சேதுலட்சுமிக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. பிள்ளை வாயில் நுரை. அவன் பூசாரியை நினைக்கவில்லை, அம்மனையும் நினைக்கவில்லை. அரிவாள்மனையில் வைத்துக் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். பெற்றவளுக்குக் கை காலே ஓடவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்த தவசிதான் பிள்ளையை வாரியெடுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

எல்லைக்கல் வந்தது, போனது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் விழித்த பிறகுதான் தவசி தங்கப்பாண்டியின் மணிக்கட்டைக் கவனித்தார். மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

"யாருகிட்டக் கேட்டு அறுத்த மாப்ள?"

தங்கப்பாண்டி கறையை மற்றக் கையால் மூடினான். "யாருகிட்டயும் கேக்கல மாமா."

"கேக்காமயே அறுக்கலாம்னு செவ்வாக்கெழம ஒனக்குத் தெரியலையாப்பா?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோபித்து நாலு அறை விட்டிருந்தால் தங்கப்பாண்டி பிழைத்திருப்பான். அவர் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அவன் வண்டியைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.