சுவருக்கு முன்னால் வந்த கதவு

விவாகரத்துக்குப் பிறகு இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அந்தக் கொத்து வேலைக்காரி தன் பெயரிலேயே ஒரு துண்டு மனை வாங்கிவிட்டாள். மூளை இருக்கிறவள் அடுத்து அஸ்திவாரம் போடுவாள். ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பிய இந்த மேதாவியோ, கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கதவு வாங்கினாள். அண்ணன் வீட்டு நடைவழியில், போகிறவர் வருகிறவர் தாண்டிப் போகப் படுத்துக் கிடந்தவளுக்குப் புத்தி அப்படித்தான் போயிற்று.

வெட்டவெளியில் நிலையை நட்டு, கதவை மாட்டிப் பூட்டும் போட்டாள்.

"கதவைச் சுத்திக்கிட்டு உள்ள வர்ற ஆட்டுக்கும் ஒரு சாவி குடுத்துருடி" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குள், அதாவது கதவுக்குப் பின்னால், ஒரு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தாள். "ஊரே சிரிக்குது, கிளம்பு!" என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தான் அண்ணன். கேட்காமல் அவள் பெட்டியையே திறந்து பார்க்கிறவன். கதவின் இரண்டு பக்கமும் தாராளமாக வழி இருந்தது. ஆனாலும் கதவுக்கு நேரே வந்ததும் தயங்கி நின்றான். பிறகு மெதுவாகத் தட்டினான்.

"யாரது?" என்று கேட்டாள் அவள், வாழ்க்கையில் முதல்முறையாக.