கீரைத்தொட்டிக்கு என்ன பூசுவது?

என் மகளுக்கு ஒன்பது மாதம். கையில் கிடைப்பதெல்லாம் நேரே வாய்க்குத்தான். கட்டில் விளிம்பில்கூட அவளுடைய இரண்டு பல் பதிந்திருக்கிறது. கடைக் கீரையில் மருந்தடிக்கிறார்கள் என்று பயந்து, அவளுக்காக பால்கனியில் நானே கீரை வளர்க்க முடிவு செய்தேன். யாரோ தூக்கிப்போட்ட ஜன்னல் கதவுகளைக் கொண்டுவந்து மரத்தொட்டியும் செய்துவிட்டேன். மழைக்கு மரம் மக்காமலிருக்க எதைப் பூசுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

"வார்னிஷ் அடிங்க சார், காஞ்சிட்டா ஒண்ணும் செய்யாது" என்றார் பெயின்ட் கடைக்காரர்.

என் மனைவியின் தம்பி அவன் பங்குக்குக் குட்டையைக் குழப்பினான். "பழைய எஞ்சின் ஆயில் தடவுங்க மாமா. கரையான் கிட்டவே வராது."

"முதல் கீரை உனக்குத்தான்டா" என்றேன்.

ஆளி விதை எண்ணெய் நல்லது என்றார்கள். வாங்கப் போனால் அதிலும் இரண்டு டின். ஒன்றில் சீக்கிரம் காய ஏதோ உலோகம் கலந்திருக்கிறதாம். இன்னொன்று சுத்தம், ஆனால் காய வாரக்கணக்காகுமாம். மூன்று வாரம் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"கீரை முளைக்கிறதுக்குள்ள உங்க பொண்ணு காலேஜுக்கே போயிடுவா" என்றாள் மனைவி.

கடைசியில் சுத்தமான எண்ணெயையே வாங்கி, மாடி வீட்டுத் தச்சரை அழைத்துப் பெருமையாகக் காட்டினேன். அவர் டின்னைப் பார்க்கவேயில்லை. தொட்டியின் இடுக்கை நகத்தால் கீறினார்.

"பழைய பச்சை பெயின்ட்டாச்சே இது. அந்தக் காலத்து பெயின்ட்ல ஈயம் இருக்கும் சார், குழந்தைங்களுக்கு விஷம். மிச்ச பெயின்ட்டையெல்லாம் எங்க வச்சு சுரண்டினீங்க?"

"இங்கதான். இன்னைக்குக் காலைலகூட உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்."

"பாப்பா தவழ்ற இடத்துலயா?"

மனைவி ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்தாள். நான் அந்தச் சின்ன விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை மடிப்பில் பச்சையாக ஒரு கோடு.

"நிக்காதீங்க, டாக்டர்கிட்ட கிளம்புங்க!" என்றாள் மனைவி.

என் செருப்பு எது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு. குழந்தை அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். எட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள்.